டர்போ பெட்ரோல் காருக்கு எந்த ஆயில்? 0டபிள்யூ-20 மெலிசு, மலைக்கு ஆகாது என்கிறார்கள்

வண்டிப்பெரியாறு வாசி:
வணக்கம். 2022 மாடல் கார், 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ பெட்ரோல், டைரக்ட் இன்ஜெக்‌ஷன். கம்பெனி சர்வீஸ் என்றால் தேனிக்கோ கோட்டயத்துக்கோ போக வேண்டும், வாரண்டியும் முடிந்துவிட்டது, அதனால் போன முறை பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். பில்லில் "இன்ஜின் ஆயில்" என்று மட்டும் எழுதியிருக்கிறது, என்ன ஆயில் என்று இல்லை.

அதற்கப்புறம் மூன்று விஷயம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிக்கு டிக் டிக் என்று ஒரு சத்தம், பிறகு அடங்கிவிடுகிறது. மைலேஜ் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. மூன்றாவதுதான் பயமாக இருக்கிறது: லோயர் கேம்பிலிருந்து குமுளி ஏறும்போது வளைவு தாண்டி நாலாவது கியரிலேயே மிதித்தால், எப்போதாவது ஒரு தடவை 'டொக்' என்று பலமாக ஒரு அடி. செக் இன்ஜின் விளக்கு எதுவும் எரியவில்லை.

புத்தகத்தில் போட்டிருப்பது எஸ்ஏஇ 0டபிள்யூ-20, ஏபிஐ எஸ்பி அல்லது இல்சாக் ஜிஎஃப்-6. இதைக் காட்டினால் மெக்கானிக் சேட்டன் "அது தண்ணி மாதிரி இருக்கும், குளிர் நாட்டுக்கு உள்ளது, மலை ஏறுற வண்டிக்குத் தடியான ஆயில்தான் வேணும்" என்கிறார். குமுளி ஆயில் கடையில் 5டபிள்யூ-30 எஸ்என் ஒன்று இருக்கிறது, "ஃபுல்லி சிந்தெட்டிக், எல்லா பெட்ரோல் வண்டிக்கும் போடலாம்" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

கம்பம்மெட்டு ட்ரிப் ஜீப்:
தம்பி, எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் மெட்டு ஏறி இறங்குகிற வண்டி நம்முடையது. ஆரம்பத்திலிருந்து 15டபிள்யூ-40 தான். இன்ஜின் இதுவரை பிரித்ததில்லை. கம்பத்து வெயிலுக்கு மெலிசு ஆயில் தாங்காது என்பதுதான் என் அனுபவம். சேட்டன் சொல்வதில் தப்பில்லை.

தேனி கியர்பாக்ஸ்:
ஜீப் அண்ணே, உங்கள் டீசல் ஜீப்புக்கு 15டபிள்யூ-40 சரியான ஆயில்தான். டீசலில் கரி நிறைய சேரும், அந்தக் கரியைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி செய்த ஆயில் அது. வண்டிப்பெரியாறு தம்பி கேட்பது வேறு சாதி இன்ஜின், அதற்கு அந்தக் கணக்கு வராது.

டப்பாவில் இரண்டு தனித்தனிக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. 0டபிள்யூ-20 என்பது எவ்வளவு தடிமன் என்பதற்கு. எஸ்பி, எஸ்என், எஸ்எல் என்கிற எழுத்து அந்த ஆயில் எந்தெந்தச் சோதனையில் தேறியது என்பதற்கு; அந்த எழுத்தைக் கொடுப்பது ஏபிஐ என்கிற அமெரிக்க பெட்ரோலியச் சங்கம், இல்சாக் என்பது கார் கம்பெனிகள் சேர்ந்து வைத்த அதே மாதிரித் தரம். நம் ஊரில் சண்டை முழுக்க முதல் கேள்வியிலேயே நடக்கிறது, இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை.

தடிமனையே முதலில் எடுத்துக்கொள்வோம். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கிற எண் குளிரில் எப்படி ஓடுகிறது என்பதற்கு. 0டபிள்யூ ஆயிலைச் சோதிப்பது மைனஸ் 35 டிகிரியில், 15டபிள்யூவை மைனஸ் 20-இல். நம் பக்கம் அந்தக் குளிரே கிடையாது, அப்படியானால் 0டபிள்யூ எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஆனால் 40 டிகிரியில் அளந்து பார்த்தாலும் 0டபிள்யூ-20 ஏறக்குறைய 45 சென்டிஸ்டோக்ஸ் (தடிமனை அளக்கிற அலகு), 15டபிள்யூ-40 நூறுக்கு மேல். அதாவது இரண்டு மடங்குக்கும் மேலே தடி. வண்டிப்பெரியாற்றில் காலை நேரத்துக் குளிரில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். டர்போ பேரிங்கும் வால்வு டைமிங் மாற்றுகிற அமைப்பும் மேலே இருக்கின்றன, ஸ்டார்ட் செய்த முதல் விநாடிகளில் ஆயில் அங்கே போய்ச் சேர வேண்டும்.

பின்னால் இருக்கிற 20, 40 என்பது 100 டிகிரியில் உள்ள தடிமன். 20 என்றால் 6.9-லிருந்து 9.3 சென்டிஸ்டோக்ஸுக்குள், 40 என்றால் 12.5-லிருந்து 16.3-க்குள். இதோடு இன்னொரு சோதனை உண்டு, 150 டிகிரி சூட்டில் பேரிங்குக்குள் நசுங்கும்போது ஆயில் படலம் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். 20-க்கு அது குறைந்தது 2.6 இருக்க வேண்டும், 30-க்கு 2.9, 15டபிள்யூ-40-க்கு 3.7. ஆக "மலைக்குத் தடியான ஆயில்" என்பதில் ஒரு உண்மை இருக்கத்தான் செய்கிறது, சேட்டன் ஒன்றும் தெரியாமல் பேசவில்லை. ஆனால் வெயில் என்கிற காரணம் பாதிதான் சரி. கம்பத்தில் 38 டிகிரி அடித்தாலும் குமுளியில் 18 டிகிரி இருந்தாலும் தெர்மோஸ்டாட் கூலன்ட்டை 90 டிகிரி சுமாருக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடும், ஆயிலும் அதையொட்டித்தான் இருக்கும். ஏற்றத்தில் கொஞ்சம் கூடும், அதற்கும் சேர்த்துத்தான் பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப் எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் புத்தகத்தில் 0டபிள்யூ-20 மட்டும்தானா, கூடவே 5டபிள்யூ-30-ஐயும் அனுமதித்து ஒரு அட்டவணை இருக்கிறதா? பல கம்பெனிகள் தருகின்றன. இருந்தால் மலை ஓட்டத்துக்கு அதையே போடலாம்.

கூடலூர் திராட்சை:
முதலில் உள்ளே என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்று தெரியாமல் பேசிப் பிரயோஜனம் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் காலி டப்பா கிடக்கும், நேரில் போய் கேளுங்கள். சண்டை போடாமல் கேட்டால் காட்டுவார்கள்.

வண்டிப்பெரியாறு வாசி:
போய்ப் பார்த்தேன். 15டபிள்யூ-40 தான். டப்பா பின்னால் ஏபிஐ சிஐ-4, எஸ்எல் என்று இருக்கிறது. "எஸ்எல் என்றால் பெட்ரோலுக்கும் ஆகும்" என்றார்கள். புத்தகத்தில் அட்டவணை இருக்கிறது அண்ணே, 0டபிள்யூ-20-க்குக் கீழே 5டபிள்யூ-30-உம் போட்டிருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் எஸ்பி வேண்டும் என்று.

தேனி கியர்பாக்ஸ்:
எஸ்எல் பெட்ரோலுக்குத்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் 2001-இல் வந்த தரம் அது. அப்புறம் 2004-இல் எஸ்எம், 2010-இல் எஸ்என், 2018-இல் எஸ்என் பிளஸ், 2020 மே மாதம் எஸ்பி. உங்கள் இன்ஜின் மாதிரி சின்ன டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்கள் பரவலாக வந்தது எஸ்எல்லுக்கு வெகு காலம் பின்னால், அதனால் அவற்றுக்கே உரிய வியாதிக்கு அதில் மருந்து கிடையாது.

அந்த வியாதிதான் உங்கள் 'டொக்' என்று நினைக்கிறேன். எல்எஸ்பிஐ என்பார்கள். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது, அதாவது 1500, 2000 ஆர்பிஎம்மில், டர்போ முழுக்க அழுத்தம் கொடுத்துப் பாரம் ஏறினால், சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கிற ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி உள்ளே தெறித்து, பிளக் பொறி விடும் முன்பே பற்றிக்கொள்ளும். மற்ற நாக்கிங் மாதிரி தொடர்ந்து தடதடக்காது, திடீரென்று ஒரே அடி. கம்ப்யூட்டர் பொறி நேரத்தைத் தள்ளிப் போட்டாலும் இது அடங்காது, ஏனென்றால் இது பொறிக்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. பலமாக விழுந்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் வரப்பே உடைந்துபோகும். இன்ஜின் பிரிக்க வேண்டிய செலவு அது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இதில் ஆயிலுக்கு நேரடிப் பங்கு உண்டு. அழுக்கு சேராமல் இருக்க ஆயிலில் கால்சியம் கலந்த டிடர்ஜென்ட் சேர்ப்பார்கள். கால்சியம் கூடினால் எல்எஸ்பிஐ கூடும். அதனால் கால்சியத்தைக் குறைத்து மக்னீசியம் சேர்த்துப் புது ஆயில்களைச் செய்தார்கள். அதைச் சோதிப்பதற்கு சீக்வென்ஸ் 9 என்று ஒரு இன்ஜின் சோதனை, எஸ்என் பிளஸ்ஸில் வந்தது. எஸ்பியில் அதோடு டைமிங் செயின் தேய்மானத்துக்கு சீக்வென்ஸ் 10-உம் சேர்ந்தது. சிஐ-4 டீசலுக்காகச் செய்தது, டிடர்ஜென்ட் தூக்கலாக இருக்கும். நாலாவது கியரில் மிதித்துக் குமுளி ஏறுவது எல்எஸ்பிஐக்குத் தோதான சூழ்நிலை, அதோடு இந்த ஆயிலும் சேர்ந்திருக்கிறது.

காலை டிக் சத்தம் ஆயில் தடியாக இருப்பதாலும் வரலாம், ஃபில்டராலும் வரலாம். நல்ல ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கும், ராத்திரி ஆயில் எல்லாம் கீழே வடிந்துவிடாமல் பிடித்து வைக்கும். மலிவு ஃபில்டரில் அது சரியாக மூடாது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கூடலூர் திராட்சை:
கடையில் இருக்கிற அந்த 5டபிள்யூ-30 எஸ்என் வேண்டாம் என்பதற்கும் இதே காரணம்தான். வெறும் எஸ்என், பிளஸ் இல்லை. ஃபுல்லி சிந்தெட்டிக் என்பது தரத்தின் பெயர் இல்லை, அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். டப்பாவில் ஏபிஐயின் வட்ட முத்திரை இருக்கும்: மேல் பாதியில் எஸ்பி, நடுவில் 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30. 2025-இலிருந்து எஸ்க்யூ என்று புதுசு வருகிறது, அது கிடைத்தாலும் தாராளமாக ஊற்றலாம், எஸ் வரிசையில் புதியது பழையதற்கு ஈடு கொடுக்கும். ஆனால் பழையது புதியதற்கு ஆகாது. மூடி சீல், தயாரிப்பு தேதி இரண்டையும் பார்த்து வாங்குங்கள், போலி ஆயில் எல்லா ஊரிலும் நடமாடுகிறது.

பீர்மேடு பனி:
நான் ஜெர்மன் கார் வைத்திருக்கிறேன், புத்தகத்தில் ஏபிஐ எழுத்தே இல்லாமல் விடபிள்யூ 502 00 என்று ஒரு எண் போட்டிருக்கிறது. அது ஏபிஐ எஸ்பிக்குச் சமமா?

தேனி கியர்பாக்ஸ்:
சமம் இல்லை சார், அது கம்பெனி சொந்தமாக வைத்திருக்கிற சோதனை. டப்பாவில் அதே எண் அப்ரூவ்டு என்று எழுதியிருக்க வேண்டும். ஐரோப்பிய வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஏசிஇஏ என்கிற ஐரோப்பிய கார் கம்பெனிகள் சங்கத்தின் தரத்தின் மேல் கட்டின எண்கள் இவை. 502 00 கேட்கிற வண்டிக்கு 508 00 ஊற்றிவிடாதீர்கள், 508 00 என்பது 0டபிள்யூ-20, படலம் மெலிசு. அதற்கென்று குறிப்பிட்ட இன்ஜின்களுக்கு மட்டும்தான்.

கம்பம்மெட்டு ட்ரிப் ஜீப்:
டீசல் ஆயில் பெட்ரோல் வண்டியில் வேறு என்ன செய்யும்? மகன் புதுசாக பெட்ரோல் கார் எடுத்திருக்கிறான், நம் வீட்டில் இருக்கிற டப்பாவையே ஊற்றலாம் என்று இருந்தேன், அதனால் கேட்கிறேன்.

தேனி கியர்பாக்ஸ்:
வேண்டாம் அண்ணே. சைலன்சர் குழாயில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கிற பொருளில் பாஸ்பரஸ் இருக்கும், ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக எரியும்போது அது போய் கன்வெர்ட்டரில் படிந்து வேலை செய்யவிடாமல் ஆக்கும். அதனால்தான் இல்சாக் தர ஆயிலில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் கூடாது. பழைய டீசல் ஆயில்களில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மகன் வண்டிப் புத்தகத்தைப் பார்த்து அதில் உள்ளதையே வாங்கச் சொல்லுங்கள்.

வண்டிப்பெரியாறு வாசி:
தேனியிலிருந்து 5டபிள்யூ-30 எஸ்பியும் கம்பெனி ஃபில்டரும் வாங்கிவந்து, சேட்டனிடமே கொடுத்து மாற்றினேன். முத்திரையைக் காட்டி விளக்கியதும் அவரும் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இனி டர்போ வண்டி வந்தால் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதாகச் சொன்னார். காலைச் சத்தம் போய்விட்டது. மலை ஏறும்போது இதுவரை 'டொக்' வரவில்லை. ஆனால் இப்போது மூன்றாவது, இரண்டாவது கியருக்கு இறக்கித்தான் ஏறுகிறேன், எது காரணம் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

ஒரே ஒரு சந்தேகம். மீதி ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. தம்பி பைக்குக்கு ஊற்றலாமா?

தேனி கியர்பாக்ஸ்:
ரெண்டுமே காரணமாக இருக்கும், கியர் இறக்குகிற பழக்கத்தை விடாதீர்கள். மறுபடி அந்த அடி கேட்டால் தள்ளிப்போடாமல் பிளக்கையும் கம்ப்ரஷனையும் பார்க்கச் சொல்லுங்கள். டிப்ஸ்டிக்கையும் அப்பப்போ பாருங்கள், பள்ளிக்கூடம், கடை என்று கிட்ட ஓட்டமே ஓடினால் இந்த இன்ஜின்களில் பெட்ரோல் ஆயிலோடு கலந்து அளவு ஏறும். ஏறியிருந்து பெட்ரோல் வாசனையும் வந்தால் கிலோமீட்டருக்குக் காத்திருக்காமல் மாற்றிவிட வேண்டும்.

பைக்குக்கு வேண்டாம். பைக்கில் கிளட்ச் அதே ஆயிலில்தான் முழுகிக் கிடக்கும், வழுக்கல் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் பிடிக்காமல் நழுவும். அதற்கு ஜாஸோ (ஜப்பான் தரம்) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிற ஆயில் வேண்டும். மீதியை மூடி இறுக்கி வைத்துக்கொள்ளுங்கள், டாப்-அப்புக்கு ஆகும்.