கண் தெரியாத லாப்ரடாருக்கு மதுரைப் பக்கம் வீடு வேணும்: என்னென்ன பார்க்கணும்?

வில்லாபுரத்தான்:
ஏழு வயசுப் பொட்டை லாப்ரடார், கருத்தடை ஆனது. ரெண்டு கண்ணும் தெரியாது, வெள்ளையாப் படர்ந்திருக்கு. காரணம் என்னன்னு டாக்டர்கிட்ட காட்டலை. வளர்த்த பெரியவர் மகளோட ஃபிளாட்டுக்குப் போறார், அங்க நாய்க்கு இடமில்லை. வெறிநாய்த் தடுப்பூசி இந்த வருஷம் போட்டாச்சு. அழகர்கோவில் ரோட்டுல தோட்டம் வச்சிருக்க ஒருத்தர் கேட்கிறார். கொடுக்கலாமா?

ஒத்தக்கடை அக்கா:
தம்பி, ஆள் தேடுறதுக்கு முன்னால கண் ஏன் போச்சுன்னு பாருங்க. அதை வச்சுத்தான் யாருக்குக் கொடுக்கலாம்னே முடிவாகும்.

தண்ணி நிறையக் குடிச்சு, அடிக்கடி ஒண்ணுக்குப் போய், தின்னும் இளைச்சா சர்க்கரை நோயா இருக்கலாம். அதுல கண்புரை சீக்கிரமே முத்திடும். அப்படின்னா பெரும்பாலும் ஆயுசுக்கும் தினம் ரெண்டு வேளை இன்சுலின் போடணும். ஊசி போடத் தயங்குற வீட்டுக்குக் கொடுத்துப் பிரயோஜனமில்லை.

கண் சிவந்து, புடைச்சு, தலையைச் சுவத்துல தேய்ச்சா கண் அழுத்தமான்னு பார்க்கணும். நாய்க்குச் சாதாரணமா பாதரச அளவுல 10லருந்து 25 எம்எம் வரைக்கும் இருக்கும். அதுக்கு மேல ஏறினா கடுமையான வலி. பார்வை போன கண் வலிச்சுக்கிட்டே இருந்தா, கண்ணையே எடுக்கச் சொல்வாங்க. எடுத்துப் புண் ஆறின பிறகு கொடுங்க. வலியோட இருக்கிற நாய் தொட்டதும் கடிக்கும், ஒரு வாரத்துல திருப்பிக் கொண்டுவந்து விட்டுடுவாங்க.

உண்ணி மொய்ச்ச நாய்னா, உண்ணி கடிச்சுப் பரவுற எர்லிக்கியாங்கிற நோய்க்கும் ரத்தம் பாருங்க, அது கண்ணுக்குள்ள ரத்தக்கசிவு உண்டாக்கும். சர்க்கரையும் ரத்தமும் பார்க்கிறது ஊர்லயே முடியும். கண் அழுத்தம் பார்க்கிற கருவி எல்லா இடத்துலயும் இருக்காது, போன்ல கேட்டுட்டுப் போங்க. சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரியில கண்ணுக்குத் தனியாப் பார்க்கிறாங்க. வெறும் புரைதான், விழித்திரை நல்லா இருக்குன்னா ஆபரேஷன்ல பார்வையே திரும்பலாம்.

மேலூர்க்காரன்:
அண்ணே, தோட்டம்னதும் சரின்னு சொல்லிடாதீங்க. முதல்ல கிணத்தைப் பாருங்க. நம்ம பக்கம் பல தோட்டக் கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவரே கிடையாது, விளிம்புல புல் மண்டிக் கிடக்கும். எலிச் சத்தத்துக்குப் பாயுற நாய் நேரா உள்ள போயிடும். பன்னிக்காகக் கம்பியில கரண்ட் விடுற தோட்டம்னா பேச்சே வேண்டாம். ராத்திரி காவலுக்கு அவிழ்த்து விடத்தான் கேட்கிறாரான்னும் விசாரிங்க. கிணத்துக்குச் சுவரோ வலையோ இருந்து, நாய் ஆளுங்களோட வீட்டுத் திண்ணையில கிடக்கும்னா தாராளமாக் கொடுக்கலாம்.

டவுன் வீடுன்னா சம்ப் மூடி, மொட்டைமாடிச் சுவர், வாசப்படி. சாயங்காலம் பைக் உள்ள வர்ற நேரமாப் போய்ப் பாருங்க, கேட் எவ்வளவு நேரம் திறந்து கிடக்குன்னு தெரிஞ்சிடும்.

அங்க வேற நாய் இருந்தா இன்னும் கவனம். அது விறைச்சு நின்னு பல்லைக் காட்டினாலும் இதுக்குத் தெரியாது, ஒதுங்காது, கடி வாங்கும். அந்த நாய் சாதுன்னா அதோட கழுத்துல ஒரு சலங்கை கட்டினாப் போதும், சத்தத்தை வச்சே இது பின்னாலயே போகும்.

யாராவது கோயில் வாசல்ல விட்டுடச் சொல்வாங்க. தெரு நாய்ங்க ஒரு ராத்திரி தாங்க விடாது. பட்டினி கிடக்கிற மாதிரி கைவிடுறது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவுல குத்தமும்கூட.

நாலுகால்:
விளம்பரத்துல 'பாவம்'னு எழுதாதீங்க. இரக்கத்துல வர்றவங்க ஒரு மாசத்துல சலிச்சிடுவாங்க. கயித்துல ஒழுங்கா நடக்குமா, எந்நேரம் வெளிய போகும், எதுக்குப் பயப்படும், மருந்துக்கு மாசம் என்ன செலவு, இதைப் போடுங்க.

தீபாவளியை ஒட்டியோ சித்திரைத் திருவிழா நாள்லயோ அனுப்பாதீங்க. வெடியும் மைக்செட்டும் ஒலிச்சா அதுக்குக் காதும் போன மாதிரி.

கூடவே பழைய தட்டு, துவைக்காத படுக்கைத் துணி, அது பழகின வார்த்தைங்க (நில்லு, படி, ஏறு, இறங்கு) எழுதின தாள், மூணும் போகணும். புது வீட்டுல முதல் மூணு நாலு நாள் ஒரே ரூம். தண்ணிக் கிண்ணத்துலருந்து தொடங்கிக் கயித்துல பிடிச்சு சுவரோரமா நடத்திட்டு, திரும்பக் கிண்ணத்துக்கே கொண்டுவரணும். படிக்கு ஒரு அடி முன்னால கோணிச்சாக்கு விரிச்சு வைங்க, காலுக்கு வித்தியாசம் தெரியும். தூக்கிக் கொண்டுபோய்க் கண்ட இடத்துல இறக்கினா திசை தப்பிடும். தூக்கித்தான் ஆகணும்னா கிண்ணத்துப் பக்கம் இறக்குங்க. கட்டில் நாற்காலியை நகர்த்தவே கூடாது.

மூணு வாரம் சோதனை, சரிப்படலைன்னா உங்ககிட்டயே திருப்பித் தரணும், வேற யாருக்கும் கைமாத்தக் கூடாது. இதை எழுதி, அடையாள அட்டை நகலோட கையெழுத்து வாங்குங்க.

வில்லாபுரத்தான்:
நல்லதுங்க. முதல்ல ரத்தம் பார்த்துடுறோம். தோட்டக்காரர் வீட்டுல நாலு வயசுப் பேரன் இருக்கான், பரவாயில்லையா?

ஒத்தக்கடை அக்கா:
தூங்குறப்போ தொட்டா திடுக்கிட்டுக் கவ்விடும். பேர் சொல்லிக் கூப்பிட்டு, காது அசைஞ்ச பிறகுதான் தோள்ல தொடணும்னு எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்க. நாலு வயசுப் பையனுக்கு அது புரியாது. பெரியவங்க யாரும் இல்லாதப்போ ரெண்டு பேரையும் ஒண்ணா விடாம இருக்க அவங்களால முடியுமான்னு கேளுங்க. முடியாதுன்னா வேற வீடு பாருங்க.