அரியர் மூன்று, வாய்ப்பு இரண்டு: மீண்டும் எழுதுவதா, விட்டுவிடுவதா?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற ஒரு பொறியியல் கல்லூரியில் 2019-ஆம் ஆண்டு இ.சி.இ. (மின்னணு, தொடர்பியல்) பிரிவில் சேர்ந்தேன். எனக்குப் பொருந்துவது பல்கலைக்கழகத்தின் ஒழுங்குமுறை 2017. என்னோடு படித்தவர்கள் 2023-இல் பட்டம் பெற்றுவிட்டார்கள். எனக்கு மட்டும் மூன்று தாள்கள் தேறாமல் நிற்கின்றன. மூன்றாம் செமஸ்டரின் எம் 3 என்னும் கணிதத் தாள், நான்காம் செமஸ்டரின் எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ், ஆறாம் செமஸ்டரின் டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் ஆகியவை அவை.

கொரோனா காலத்தில் மூன்றாம் செமஸ்டர் தேர்வை வீட்டில் கணினி முன் அமர்ந்து எழுதினோம். எம் 3 அப்போதே போயிற்று. அதன்பின் பல முறை எழுதிவிட்டேன். கடைசி இரண்டு முறை கட்டணம் கட்டியும் தேர்வறைக்குப் போகவில்லை. முதல் முறை வேலை இருந்ததாக வீட்டில் சொன்னேன். உண்மையில் அன்று காலை பேருந்து நிலையம் வரை போய், என்னைவிட நான்கைந்து வயது இளையவர்கள் ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது மதுரையில் கண்காணிப்புக் கேமரா பொருத்தும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வேலை பிடித்திருக்கிறது, சம்பளமும் கைக்கு வருகிறது. ஆனால் சேர்ந்த நாளிலிருந்து 14 செமஸ்டர்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி என்பதால், வரும் 2025 நவம்பர்–டிசம்பரும் 2026 ஏப்ரல்–மேயும்தான் எனக்கு மீதமிருக்கும் தேர்வுகள். ஐந்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டதால் இனி தேறினாலும் இரண்டாம் வகுப்புத்தான் கிடைக்கும். இவ்வளவுக்குப் பிறகு மீண்டும் எழுதுவதில் பயன் உண்டா, அல்லது இதை விட்டுவிட்டுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஏதாவது ஒரு பட்டத்திற்குச் சேர்ந்துவிடலாமா? அப்பா ஒன்றும் கேட்பதில்லை. அவர் கேட்காமல் இருப்பதே எனக்குப் பாரமாக இருக்கிறது.

பதில் 1: நெய்தல்நிலம்

தம்பி, எழுதுங்கள். மூன்று தாள்களுக்காக நான்கு ஆண்டுப் படிப்பை விடாதீர்கள். வங்கித் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வுக்கும் பட்டம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா என்று பார்ப்பதில்லை. பட்டம் இல்லாவிட்டால் குரூப் 4 போன்ற தேர்வுகளோடு நின்றுவிட வேண்டியிருக்கும்.

பதில் 2: நீராவி அட்டவணை

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் பதில் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை. நான் 2006-இல் மெக்கானிக்கல் சேர்ந்தவன். எனக்கு நின்றது ஒரே ஒரு தாள், தெர்மோடைனமிக்ஸ். கல்லூரி முடிந்த அடுத்த மாதமே வேலை கிடைத்துவிட்டதால், அந்தத் தாளை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டேன். எழுத வேண்டாம் என்று நான் ஒரு நாளும் முடிவு செய்யவில்லை. கட்டணம் கட்டும் கடைசி நாள் கடந்துபோகும், அதன்பின் ஆறு மாதம் அதைப் பற்றி நினைக்காமல் இருக்கலாம். அப்படியே எனக்கான காலவரம்பு முடிந்துவிட்டது.

அது என்னை எங்கே பிடித்தது தெரியுமா? கத்தாரில் மேற்பார்வையாளர் வேலை ஒன்று கைக்கு எட்டியது. நேர்காணல் முடிந்து, சம்பளம்கூடப் பேசியாயிற்று. பட்டச் சான்றிதழைத் தூதரகச் சான்றொப்பத்தோடு அனுப்பச் சொன்னார்கள். என்னிடம் இருந்ததோ செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள் மட்டும்தான். எனக்குக் கீழே வேலை பழகிய ஒருவர் அந்த வேலைக்குப் போனார்.

2021 இறுதியில், 2001–02-க்குப் பிறகு சேர்ந்து காலவரம்பு முடிந்தவர்களும் அரியர் எழுதலாம் என்று பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்பு ஒன்றை அறிவித்தது. வழக்கமான கட்டணத்தோடு கூடுதலாக 5,000 ரூபாய் கட்டி, 2022-இல் 33 வயதில் போய் எழுதினேன். நீராவியின் அழுத்தம், வெப்பம் போன்ற மதிப்புகள் அடங்கிய நீராவி அட்டவணைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எந்த வரிசையில் எந்த மதிப்பை எடுப்பது என்று மறுபடி பழகவே எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று; கல்லூரி நாளில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவன் நான். இரவு பத்து மணிக்கு மேல், குழந்தை தூங்கிய பிறகு, சமையலறை விளக்கில் படித்தேன். தேறிவிட்டேன். ஆனால் இந்தச் சிறப்பு வாய்ப்பை நம்பி நீங்கள் ஒரு நாளைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அது எப்போது வரும், யாருக்கெல்லாம் பொருந்தும் என்பது அந்தந்த நேரத்து அறிவிப்பைப் பொறுத்தது. உங்கள் கையில் உறுதியாக இருப்பவை இரண்டு தேர்வுகள் மட்டுமே.

தேர்வறைக் கூச்சத்தைப் பற்றி ஒரு சொல். நான் அமர்ந்த அறையில் தலை நரைத்தவர் ஒருவரும் இருந்தார். மூன்று மணி நேரமும் யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் தாள்தான் பெரிதாக இருந்தது.

ஒரு கேள்வி: உங்கள் இன்டர்னல், அதாவது கல்லூரி தரும் அகமதிப்பீட்டு மதிப்பெண் என்ன? விடைத்தாள் போட்டோகாபி எப்போதாவது வாங்கிப் பார்த்தீர்களா? முடிவு வரும்போது மதிப்பெண் தெரிவதில்லை, கிரேடு எழுத்து மட்டும்தான் வருகிறது. 48-இல் நிற்பவனும் 12-இல் நிற்பவனும் ஒரே மாதிரி மனம் உடைந்துபோவது அதனால்தான்.

வைகைக்கரை

அண்ணா, மிக்க நன்றி. இன்டர்னல் 20-க்கு எம் 3-இல் 8, ஃபீல்ட்ஸில் 9, டிரான்ஸ்மிஷன் லைன்ஸில் 13. போட்டோகாபி ஒரே ஒரு முறை, டிரான்ஸ்மிஷன் லைன்ஸுக்கு வாங்கினேன்; 100-க்கு 41 இருந்தது. மறுமதிப்பீட்டில் மாற்றமில்லை. மற்ற இரண்டிலும் எவ்வளவு எடுத்தேன் என்பது எனக்குத் தெரியாது.

பதில் 3: கரும்பலகை

வணக்கம். நான் பொறியியல் கல்லூரியில் கணிதம் கற்பிப்பவள். நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே பேசுகிறேன், ஏனெனில் இந்த முடிவை மனநிலையை வைத்து எடுத்தால் நாளுக்கொரு விடை வரும்.

உங்கள் ஒழுங்குமுறையில் எழுத்துத் தேர்வின் 100 மதிப்பெண் 80-ஆகச் சுருக்கப்பட்டு, இன்டர்னல் 20-ஓடு சேர்கிறது. எழுத்துத் தேர்வில் குறைந்தது 45 விழுக்காடும், மொத்தத்தில் 50-உம் வேண்டும். டிரான்ஸ்மிஷன் லைன்ஸில் உங்களிடம் 13 இருப்பதால், எழுத்துத் தேர்விலிருந்து 37 வர வேண்டும்; அதாவது 100-க்கு ஏறத்தாழ 47. நீங்கள் எடுத்தது 41. இடைவெளி ஆறு மதிப்பெண், மூன்று இரண்டு மதிப்பெண் வினாக்கள். இதற்காகவா பட்டத்தை விடுவீர்கள்?

எம் 3-இல் இன்டர்னல் 8 என்பதால், முதலில் எழுதியபோது உங்களுக்கு 53 தேவைப்பட்டிருக்கும். ஆனால் மூன்றாம் முயற்சியிலிருந்து, இன்டர்னலைச் சேர்த்துத் தேறாதவர்கள் எழுத்துத் தேர்வில் மட்டும் 50 எடுத்தாலே தேர்ச்சி என்று விதி இருக்கிறது. ஃபீல்ட்ஸுக்கும் அப்படியே. பழைய இன்டர்னல் இனி உங்களைக் கீழே இழுக்காது. பல மாணவர்கள் இதை அறியாமலேயே, இன்டர்னல் குறைவாக இருக்கிறது, இனி எங்கே தேறுவது என்று விட்டுவிடுகிறார்கள். உங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவில் ஒரு முறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எம் 3 பயமுறுத்தும் தாள்தான், ஆனால் மூன்றிலும் எளிதில் வசப்படுவது அதுதான் என்பேன். பகுதி அ-வில் பத்து வினாக்கள், 20 மதிப்பெண். பகுதி ஆ-வில் அலகுக்கு ஒன்றாக ஐந்து வினாக்கள், ஒவ்வொன்றும் 16, ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து எழுதலாம். லீனியர் அல்ஜீப்ராவில் வரும் வெக்டர் ஸ்பேசஸ், லீனியர் டிரான்ஸ்ஃபர்மேஷன், இன்னர் ப்ராடக்ட் ஸ்பேசஸ் ஆகிய மூன்று அலகுகளை மட்டும் முழுமையாகப் பிடித்தால் 48, பகுதி அ-வில் ஏழு வினா எழுதினால் 14. அங்கங்கே பத்து மதிப்பெண் சிந்தினாலும் 50-க்குக் கீழே போகாது. அலைச் சமன்பாடும் வெப்பச் சமன்பாடும் வரும் அலகை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். கிராம்–ஷ்மிட் கணக்கு சூத்திரத்தில் இட்டுப் பெருக்கிக் கழிப்பதுதான்; கால்குலேட்டரும் பொறுமையும் இருந்தால் போதும்.

பதில் 4: மறுகரை

நான் மேலே சொன்னவர்களோடு முழுவதும் ஒத்துப்போகவில்லை என்பதால் எழுதுகிறேன். எனக்கு நின்றவை பதினோரு தாள்கள். இரண்டு ஆண்டுகள் வேறு எதையும் செய்யாமல் அவற்றையே எழுதி, மூன்றை மட்டும் முடித்தேன். மீதி எட்டையும் பார்த்தபோது, எனக்கு அந்தப் பாடத்தில் ஒரு துளி விருப்பமும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு விட்டுவிட்டேன். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.சி.ஏ. சேர்ந்து முடித்தேன். இன்று மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். அந்த முடிவுக்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. விடாமல் எழுதுவதுதான் உறுதி என்றும் விடுவது கோழைத்தனம் என்றும் நம் ஊரில் சொல்வது பல பிள்ளைகளின் நல்ல வயதைத் தின்றுவிடுகிறது.

ஆனால் தம்பி, உங்கள் கணக்கு வேறு. திறந்தநிலைப் பட்டத்திற்கு முதலாண்டிலிருந்து மூன்று ஆண்டுகள், அதிலும் தேர்வுகள், ஒப்படைப்புகள். இங்கே மூன்று தாள்கள், ஒரு வருடம். அதோடு, நீங்கள் பார்ப்பது கேபிளும் சிக்னலும் சார்ந்த வேலை. ஒரு கோஆக்சியல் கேபிளின் முனையில் 75 ஓம் என்று எழுதியிருப்பதை நாள்தோறும் பார்ப்பீர்கள். அது ஏன் பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் படத்தில் ஏன் நிழல் விழுகிறது என்பதுதான் உங்கள் டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் தாள். நான் எழுத்துக்கூட்டிப் படித்துக் கைவிட்ட பாடத்தை நீங்கள் கையால் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஆகவே எழுதுங்கள். 2026 மே மாதத்திற்கு மேல் இதைத் தூக்கிச் சுமக்க மாட்டேன் என்றும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மேடம் எம் 3-தான் எளிதில் வசப்படும் என்கிறார். நான் டிரான்ஸ்மிஷன் லைன்ஸ்தான் முதலில் என்பேன். ஒன்று தேறிவிட்டது என்று வந்தாலே மற்ற இரண்டுக்கும் கை எழும்.

கரும்பலகை

மறுகரை சொல்வதில் நியாயம் இருக்கிறது. நவம்பரில் மூன்றுக்கும் கட்டணம் கட்டுங்கள், மூன்றையும் எழுதுங்கள். ஆனால் தயாரிப்பை டிரான்ஸ்மிஷன் லைன்ஸுக்கும் எம் 3-க்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபீல்ட்ஸை ஏப்ரலுக்கு ஒதுக்குங்கள், எனினும் நவம்பரில் அந்தத் தாளுக்கும் மூன்று மணி நேரம் அமர்ந்துவிட்டு வாருங்கள். முடிவு வந்ததும் போட்டோகாபி வாங்கினால் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். விண்ணப்பிக்கச் சில நாட்களே அவகாசம் தருவார்கள், தவறவிடாதீர்கள். டிரான்ஸ்மிஷன் லைன்ஸில் வரும் ஸ்மித் சார்ட் என்னும் வரைபடக் கணக்கைப் புத்தகத்தில் பார்த்துப் படிக்க வேண்டாம். காம்பஸை எடுத்து, நாளொன்றுக்கு ஒரு கணக்கு வரைந்து பழகுங்கள்.

வைகைக்கரை (ஒன்பது நாட்களுக்குப் பின்)

அனைவருக்கும் நன்றி. கல்லூரித் தேர்வுப் பிரிவுக்கு நேரில் போய், 50 மதிப்பெண் விதியைக் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். மூன்று தாளுக்கும் கட்டணம் கட்டிவிட்டேன். அப்பாவிடம் இம்முறை பேருந்து நிலையத்தில் திரும்பி வந்த கதையையும் சொல்லிவிட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தேர்வு நாட்களில் தானே வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். கடை முதலாளியும் அந்த மூன்று நாட்களுக்கு விடுப்புத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மேடம், நேற்று இரவு இன்னர் ப்ராடக்ட் ஸ்பேசஸ் அலகைத் தொடங்கினேன். மூன்று வெக்டர்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக மாற்றும் கிராம்–ஷ்மிட் கணக்கு ஒன்றில் முதல் இரண்டும் சரியாக வந்தன; ஆனால் மூன்றாவது மற்ற இரண்டோடும் செங்குத்தாக அமையவில்லை. மூன்று முறை போட்டும் அதே இடத்தில்தான் நிற்கிறேன்.

கரும்பலகை

மூன்றாவதைக் கணக்கிடும்போது, வினாவில் கொடுத்த இரண்டாம் வெக்டரையே பயன்படுத்தியிருப்பீர்கள். அதற்குப் பதிலாக, நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்த செங்குத்தான இரண்டாம் வெக்டரை எடுங்கள். மூன்றாவதிலிருந்து, முதல் வெக்டரின் மீதும் அந்தப் புதிய வெக்டரின் மீதும் அதற்குள்ள வீழல்களைக் கழித்தால், மிஞ்சுவது இரண்டுக்கும் செங்குத்தாக நிற்கும். விடையாகக் கேட்பது அதுதான். இன்றிரவே அதே கணக்கைத் திரும்பப் போட்டு, இங்கேயே எழுதுங்கள். பார்க்கிறேன்.