வெள்ளம் வருதுன்னு லயத்துக்கு யார் சொல்லுவா?

தோட்டத்துப் பையன்:
மலேசியாவுல சிலாங்கூர் மாநிலம், பெஸ்தாரி ஜெயா பக்கம், லயத்து வீடு, அதான் தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீடு. போன மழைக்கு விடியக்காலை நாலு மணிக்கு அம்மா கட்டிலைவிட்டுக் காலை வைக்கிறாங்க, கணுக்கால் தண்ணி. அரிசி டின் மிதக்குது. தோட்டத்துக் கணக்குப் பிள்ளை, கிராணி வீட்டுக்கு மட்டும் ராத்திரியே தகவல்! 2014 வெள்ளத்துக்குப் பிறகு 2015-இல் நட்மான்னு தேசியப் பேரிடர் நிர்வாக அமைப்பு அமைச்சாங்களே, நமக்கு யாருங்க சொல்லுவா?

செல்விக்கா:
தம்பி, நட்மா ஒருங்கிணைக்கிற இடம். ஆத்து மட்டத்தை அளக்கிறது ஜே.பி.எஸ்., அதான் நீர்ப்பாசன வடிகால் இலாகா. அவங்களோட ‘இன்ஃபோ பாஞ்சிர்’ வெள்ளத் தகவல் இணையப் பக்கத்துல சிலாங்கூரைத் தட்டிப் பாருங்க. வாஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (அபாயம்)ன்னு படிப்படியா காட்டும். நான் அமாரான்லயே ஐ.சி. (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரமெல்லாம் பிஸ்கட் டின்ல போட்டுடுவேன்.

லாரிக்காரன்:
கால்வாய் அடைச்சிருந்தா ஆறு சும்மா இருந்தாலும் தண்ணி ஏறும். அதை எந்த இணையப் பக்கமும் காட்டாது.

தோட்டத்துப் பையன்:
ஆமாண்ணே, கால்வாய் பூரா செம்பனை மட்டைதான். நாளைக்குக் கங்காணியைப் பிடிக்கிறேன்.