எண்டோகிரைன் டிஸ்ரப்டர்: சுரப்புக் குழப்பி?

ஆச்சி எழுதியது:
> பாடநூலில் ‘நாளமில்லாச் சுரப்பி’ இருக்கிறது. அதையே நீட்டி ‘நாளமில்லாச் சுரப்பிச் சீர்குலைப்பான்’ என்றால் என்ன? சுருக்கமாக வேண்டுமென்றால் ‘சுரப்புக் குலைப்பி’.

வணக்கம் ஆச்சி. உடலில் ஹார்மோன்களின் வேலையைக் குழப்பும் வேதிப்பொருள்தான் ‘எண்டோகிரைன் டிஸ்ரப்டர்’. அதற்கு நம் அகராதியில் போட நான் சொன்ன சொல் ‘சுரப்புக் குழப்பி’.

நீண்ட சொல் பொருளிலேயே தடுக்குகிறது. 1991-இல் அமெரிக்காவின் விங்ஸ்பிரெட்டில் கூடி ஆங்கிலப் பெயர் வைத்த விஞ்ஞானிகள் சொல்ல வந்தது, சுரப்பி கெட்டுப்போவதை மட்டுமல்ல. சுரப்பி நன்றாகவே இருக்கும். அது அனுப்பும் சேதிதான் மாறிப்போகும். சில பிளாஸ்டிக்குகளில் இருக்கும் பிஸ்பீனால்-ஏ (பிபிஏ), பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல அதன் ஏற்பியில், அதாவது ஹார்மோன் சேதியை வாங்கிக்கொள்ளும் இடத்தில், போய் உட்காரும். டிடிடி பூச்சிக்கொல்லி சிதைந்து வரும் டிடிஇ, ஆண் ஹார்மோனின் ஏற்பியை அடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கச் சேர்க்கும் தாலேட்டுகளில் சில, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தியையே குறைக்கும். ஆக, ‘சுரப்புக் குழப்பி’ பொதுப்பெயர். அதற்குள் ‘சுரப்புப் போலி’, ‘சுரப்பு மறிப்பி’ என்று பிரிக்கலாம்.

‘குலைப்பி’ வேண்டாம். நம் பக்கம் நாய்தான் குலைக்கும்.

‘சீர்குலைப்பான்’ என்றால் தாய்மார் நஞ்சு என்று எடுத்துக்கொள்வார்கள். ‘இத்தனை வருஷம் புழங்கி என்ன ஆச்சு?’ என்ற கேள்வி உடனே வரும். இங்கே எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் கணக்கு. வயிற்றுப்பிள்ளைக்கும் பால்குடிப் பிள்ளைக்கும் உறுப்புகள் உருவாகிற நேரம் அது.

பொதுப்பெயர் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணம் பாலூட்டும் புட்டி. அதில் பிஸ்பீனால்-ஏ கூடாது என்று 2015-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துவிட்டது. மற்றப் பாத்திரங்களில் ‘பிபிஏ இல்லை’ என்று அச்சிட்டிருந்தாலும் அந்த இடத்தில் பிஸ்பீனால்-எஸ் இருக்கலாம், அதுவும் குழப்பியே. ஒரு பொருளின் பெயரை மட்டும் கற்றுக்கொடுத்தால் அடுத்தது நழுவிவிடும்.

அகராதிப் பதிவில் எடுத்துக்காட்டு நம் அடுக்களையிலிருந்தே இருக்கட்டும். தேன்குழலையும் மனகோலத்தையும் சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு பிளாஸ்டிக் வாளியில் கொட்டுவது வழக்கமாகிவிட்டது. வளையும் பிவிசி என்ற பிளாஸ்டிக் வகையில் தாலேட்டு வேதிப்பிணைப்பு இல்லாமல் சும்மா கலந்து கிடக்கிறது. எண்ணெயும் சூடும் சேர்ந்தால் பலகாரத்துக்கு வந்துவிடும். அடியில் முக்கோணத்துக்குள் 3 இருந்தால் அது பிவிசி. 7 என்றால் பிஸ்பீனால்-ஏ கொண்டு செய்யும் பாலிகார்பனேட்டாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், சூட்டுக்கு வேண்டாம். பலகாரத்தை ஓலைக் கொட்டானில் ஆறவிட்டு எவர்சில்வர் தூக்கில் அடைக்கலாம். மாங்காய் ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி. கடை ரசீதைத் தொடும் கையில் கிரீம் ஈரம் இருக்கக் கூடாது. அந்த வெப்பத்தாளில் பூசியிருக்கும் பிஸ்பீனால் தோல் வழியே கூடுதலாக உள்ளே போகும்.

பிளாஸ்டிக்கை விட்டுப் பித்தளைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. ‘ஈயம் பூசுவது’ என்கிறோம். பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் கலந்துவிட்டால் பிள்ளையின் மூளைக்கே கேடு. பூச்சு போன பாத்திரத்தில் புளி வைக்கக் கூடாது. சொல் மங்கினால் ஆபத்து வீட்டுக்குள் வருகிறது, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பொருள் பாத்திரத்திலிருந்து உணவுக்குப் போவதற்குக் ‘கசிவு’ என்று போடலாமா?

ஆச்சி எழுதியது:
> ‘குழப்பி’ சரி, ஏற்கிறேன். ‘போலி’க்கு ‘இயற்கை ஹார்மோனைப் போல் நடப்பது’ என்று விளக்கம் சேருங்கள் தம்பி; கடையில் போலி என்றால் தரமில்லாத சரக்கு. ‘கசிவு’ வேண்டவே வேண்டாம். அதைக் கேட்டால் ஓட்டை வாளிதான் நினைவுக்கு வரும், ஓட்டையில்லாத வாளி பத்திரம் என்று நினைத்துவிடுவார்கள். புதுக் கண்டாங்கியை நனைத்தால் சாயம் இறங்குகிறது என்போமே, அதே ‘இறங்குதல்’ போடுங்கள்.