கோழிக்கரு இதயம்: கரைசலில் போட்டதும் துடிப்பு நின்றுவிடுகிறது, ஏன்?

கேள்வி – ஜாலஹள்ளி_விலங்கியல்

வணக்கம். பெங்களூர்ல இளங்கலை செய்முறை வகுப்புக்காக, கருக்கட்டின கோழி முட்டையை 38 டிகிரியில 48 மணி நேரம் வச்சு, கருவை எடுத்து பி.பி.எஸ்ல (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) போடுறோம். ரெண்டு மூணு நிமிஷத்துல துடிப்பு மங்கி நின்னுடுது. இன்னொரு சந்தேகம்: 7 நாள் கருவோட இதயச் செல்களைப் பிரிச்சு வளர்த்தா, முதல்ல ஒவ்வொண்ணும் தன் போக்குல துடிக்குது, மறுநாள் பார்த்தா எல்லாம் ஒரே தாளம். எப்படிச் சேருது?

பதில் 1 – டைரோடு

நீங்க போடுறது சாதாரண பி.பி.எஸ்னா அதுல கால்சியம் இல்லை, அதான் காரணம். வளர்ந்த இதயச் செல் தனக்குள்ள கால்சியத்தைச் சேமிச்சு வச்சிருக்கும். இந்த வயசுக் கருவுல அந்தக் கிடங்கு இன்னும் முதிரலை. ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியிலிருந்துதான் உள்ளே வரணும்.

டைரோடு கரைசல் தயார் பண்ணுங்க. லிட்டருக்கு சோடியம் குளோரைடு 8 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.2, மெக்னீசியம் குளோரைடு 0.1, சோடியம் பைகார்பனேட் 1, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.05, குளுக்கோஸ் 1. கால்சியம் குளோரைடு 0.2 கிராமைத் தனியா நீர்ல கரைச்சு, கடைசியில கலக்கிட்டே சொட்டுச் சொட்டா விடுங்க. முதல்லயே கொட்டினா பாஸ்பேட்டோட சேர்ந்து வெள்ளையா படிஞ்சிடும். கால்சியம் குளோரைடு பாட்டில்ல ‘டைஹைட்ரேட்’னு (நீர் சேர்ந்த வகை) இருந்தா 0.265 கிராம் எடுக்கணும். பலரும் சறுக்குற இடம் இது.

வெப்பத்தையும் பாருங்க. பெங்களூர்ல அறை 23, 24 டிகிரிதான் இருக்கும். 10 டிகிரி இறங்கினா துடிப்பு வேகம் கிட்டத்தட்ட பாதியாகும். கரைசல், தட்டு ரெண்டையும் முன்கூட்டியே 37க்குக் கொண்டு வந்துடுங்க.

பதில் 2 – இதயத்தட்டு

தாளம் சேர்றதுக்கு முதல் காரணம் கேப் ஜங்ஷன். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒட்டினதும் கனெக்ஸின் புரதங்கள் ரெண்டு சவ்வுக்கும் நடுவுல நுண்குழாய் அமைக்கும், அது வழியா அயனி பாயும். வேகமான செல் முதல்ல மின்தூண்டல் அடையும். மெதுவான செல் தானா அந்த நிலைக்கு ஏறுறதுக்குள்ள, இந்த மின்னோட்டம் அதை அங்கே தள்ளிவிட்டுடும். அதனால பெரும்பாலும் வேகமானதுதான் முன்னோடி.

இதை முழு இதயத்துலயே காட்டலாம். 48 மணி நேர இதயக்குழாயை டங்ஸ்டன் ஊசியால மூணு துண்டாக்குங்க. இரத்தம் நுழையுற முனைத் துண்டு வேகமா அடிக்கும், நடுத்துண்டு அதைவிட மெதுவா, வெளியேறுற முனை எல்லாத்தையும்விட மெதுவா.

மறுநாளும் தட்டுல ரெண்டு கூட்டம் வேற வேற தாளத்துல ஓடினா, நடுவுல ஃபைப்ரோபிளாஸ்ட் (தானா துடிக்காத இணைப்புத்திசுச் செல்) பரவியிருக்கானு பாருங்க. அதைக் குறைக்க, பிரிச்ச செல்லை முதல்ல ஒரு மணி நேரம் சாதா தட்டுல விடுங்க. ஃபைப்ரோபிளாஸ்ட் சீக்கிரம் ஒட்டிக்கும்; ஒட்டாம மிதக்குறதை மட்டும் வேற தட்டுக்கு மாத்துங்க. அடர்த்தியும் முக்கியம்: சதுர செ.மீ.க்கு ஒண்ணு, ரெண்டு லட்சம். கம்மியா இருந்தா ஒண்ணை ஒண்ணு தொடவே தொடாது.

பதில் 3 – நெகிழ்திசு

மின்சாரத்தோட நிறுத்திட வேண்டாம், இழுவிசையும் உண்டு. 2016ல பென்சில்வேனியாவுல டிஷர் குழு கேப் ஜங்ஷனை மருந்தால அடைச்சுப் பார்த்தது. வளர்ந்த இதயம் சீக்கிரமே தடுமாறிடுச்சு, கரு இதயம் அப்படி ஆகலை. ஒரு செல் சுருங்கும்போது சுத்தியிருக்குற மெத்தை மாதிரியான திசுவை இழுக்கும், அந்த இழுப்பே அடுத்த செல்லைத் தூண்டும்ங்கிறது அவங்க கருத்து. அதே வருஷம் இஸ்ரேல்ல, தனிச்செல்லுக்குக் கீழே இருந்த ஜெல்லை ஊசியால சீராக அசைச்சாங்க. செல் அந்த வேகத்துக்கு மாறிடுச்சு. ஊசியை நிறுத்தின பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல அதே வேகம் தொடர்ந்துச்சு. மின் இணைப்பு மட்டும்னா இந்த நினைவு வராது.

அதனால பிளாஸ்டிக் தட்டைவிட, 10 கிலோபாஸ்கல் அளவு மென்மையான ஜெல் மேல வளர்த்துப் பாருங்க. கண்ணாடி மாதிரி கடினமான பரப்புல செல் வலுவா இழுத்தாலும் தன் உடம்பு அதிகம் சுருங்காது.

ஜாலஹள்ளி_விலங்கியல்

ரொம்ப நன்றி. எங்ககிட்ட இருக்குறது டைஹைட்ரேட்தான், 0.265 எடுத்து இன்னைக்கே கலக்குறோம். ஏற்கெனவே பி.பி.எஸ்ல நின்னுபோன இதயம் மறுபடி துடிக்குமா?

டைரோடு

நின்னு சில நிமிஷத்துக்குள்ளன்னா முயற்சி பண்ணுங்க. 37 டிகிரி டைரோடுல ரெண்டு முறை மாத்தி மாத்தி அலசுங்க. இரத்தம் நுழையுற முனையைக் கவனிங்க, திரும்பினா பெரும்பாலும் அங்கதான் முதல் அசைவு தெரியும். ரொம்ப நேரம் கால்சியம் இல்லாம கிடந்திருந்தா செல்களுக்கு நடுவுல இருக்குற ஒட்டுப்புரதமே விட்டுப்போகும், விளிம்பு கரடுமுரடா உதிரும். அப்படித் தெரிஞ்சா அதை விட்டுட்டு அடுத்த முட்டையை எடுங்க.