சுதந்திரா கட்சியின் அடிப்படையை யாராவது விளக்குவீர்களா?

முதலியார்பேட்டைக்காரன் நான். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் மில் தொழிலாளர்கள் 12 பேர் சுடப்பட்டு இறந்ததைக் கேட்டே வளர்ந்த இடதுசாரிக் குடும்பம். எதிர்ப்பக்கத்தின் வாதத்தை எங்கள் ஆட்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன், அது போதாது.

ராஜாஜி 1959இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கியது, அதே வருஷம் காங்கிரஸின் நாகபுரி மாநாடு தீர்மானித்த கூட்டுறவு விவசாயத்தையும் அப்புறம் தொழில் நடத்த எதற்கும் அரசின் அனுமதி வேண்டும் என்ற பர்மிட் லைசென்ஸ் ராஜ்ஜியத்தையும் எதிர்த்தது, இவ்வளவும் தெரியும். அதற்கு அடியில் இருக்கும் நம்பிக்கைதான் பிடிபடவில்லை. அரசின் கை நீண்டால் ஏழையின் சுதந்திரமும் போய்விடும் என்கிறார்கள், சரி, சொத்துரிமையை ஏன் அத்தனை உயரத்தில் வைக்கிறார்கள், நிலமே இல்லாதவனுக்கு அதில் என்ன இருக்கிறது?

இதை மனதார ஏற்றவர்களே பதில் சொல்லுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். ராஜாஜியின் அந்தக் காலக் கட்டுரைகள் புதுச்சேரி, கடலூர் நூலகங்களில் எங்கே கிடைக்கும்?