மறு: ‘ரோசெட்’டுக்குத் தமிழ்ச்சொல் – பார்த்தீனியம் கையேடு

வணக்கம். பார்த்தீனியம் என்ற களைச்செடியைப் பற்றிய நம் கையேட்டில், ‘ரோசெட்’ (தண்டு நீளாமல் இலைகள் தரையோடு சுற்றி விரிந்திருக்கும் அமைப்பு) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு வந்த கேள்வி இது:

> ‘இலைக்கொத்து’ போதுமே, எதற்குப் புதுச்சொல்?

போதாது ஐயா. கொத்து என்றால் கிளையில் தொங்குவதுதான் மனதில் வரும். மழை பெய்து மூன்று வாரம் கழித்து, ஒத்தக்கடையிலிருந்து மேலூர் போகும் சாலையோரம் குனிந்து பாருங்கள். பார்த்தீனியக் கன்று தண்டே தெரியாமல், இலைகளை நாலாபக்கமும் மண்ணோடு ஒட்ட விரித்துக் கிடக்கும். கேரட் இலைபோல் ஆழமாகப் பிளந்த இலை, மேலே மெல்லிய சுணை. அதற்கு அடியில் வேறு புல் பூண்டு தலைதூக்குவது அபூர்வம். இந்த நிலைக்குத்தான் பெயர் வேண்டும்.

நான் பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. ஊரில் எல்லாரும் இந்தச் செடியை அடையாளம் காண்பது அந்தப் பொடி வெள்ளைப் பூவை வைத்துத்தான். முளைத்து நான்கைந்து வாரத்திலேயே பூத்துவிடும். ஒரே செடி 15,000 விதைக்கு மேல் உதிர்க்க வல்லது. பூத்த பிறகு கை வைத்தால் மகரந்தம் வேறு பறக்கும். ஒவ்வாதவர்களுக்குத் தோல் அரிப்பு, மூச்சிரைப்பு. 1955இல் புனேயில் தென்பட்டதாகப் பதிவான அமெரிக்கச் செடி இன்று நம் கண்மாய்க்கரை வரை வந்து நிற்கிறது. கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டியது பூவுக்கு முந்தைய பருவத்தில். பெயரே இல்லாத பருவத்தைக் களையெடுக்க வருகிறவர்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

அக்கா சொன்ன ‘இலைத்தட்டு’ அழகான சொல். ஆனால் பார்த்தீனியம் சேர்ந்த சூரியகாந்திக் குடும்பத்துப் பூக்களின் நடுவில் இருப்பவற்றைத் தட்டு மலர்கள் என்று ஏற்கெனவே சொல்கிறோம். ‘இலைவட்டம்’ வட்ட இலையமைவோடு (ஒரே கணுவைச் சுற்றிப் பல இலைகள் வருவது) குழம்பும்.

என் பரிந்துரை ‘தரைவிரி’. தரைவிரிப் பருவம், தரைவிரி இலை என்று நீட்டவும் வளைந்து கொடுக்கும். பார்த்தீனியத்துக்கு மட்டுமல்ல, யானைச்சுவடி என்ற மூலிகைக்கும் பொருந்தும். அதன் இலைகளும் தரையோடு படிந்தவைதானே. அதனாலேயே கையேட்டில் இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொல்கிறேன். யானைச்சுவடி இலை பிளவுபடாதது, முழு இலை. களை என்று நினைத்து யாரும் மூலிகையைப் பிடுங்கி எறிந்துவிடக் கூடாது.

கையேட்டில் வாசகம் இப்படி வரும்: ‘தரைவிரிப் பருவத்திலேயே, மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குக.’

மறுப்போ மாற்றுச்சொல்லோ இருந்தால் ஐப்பசி மழைக்கு முன் எழுதுங்கள்.